வாசலில் ஒரு சாய்தளம்

"யாரைக் கேட்டு இதை போர்டுல ஒட்டின?"

கல்லூரி முதல்வர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். அவர் மேஜைமேல் நான்கு புகைப்படங்கள். நான்கும் கல்லூரியின் வாசல்கள்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் படிக்கட்டை ஒட்டி, சக்கர நாற்காலி ஏறிப்போக வழவழவென்று ஒரு சாய்தளம் இருந்தது.

அந்தக் கல்லூரியில் சாய்தளம் என்று எதுவுமே கிடையாது.

"டிஜிட்டல் ஆர்ட் புராஜெக்ட் சார்," என்றாள் மாணவி. "போட்டோவுல இல்லாத ஒரு பொருள, அங்கேயே இருந்த மாதிரி கம்ப்யூட்டர்ல சேர்க்கணும்."

"சேர்க்க வேற பொருளா கிடைக்கல? ஒரு யானை, ஒரு கப்பல்னு போட வேண்டியதுதானே?"

"யானையால என் ஃப்ரெண்டுக்கு என்ன பிரயோஜனம் சார்? அவ வீல்சேர்ல வர்றா. முன்வாசல்ல பதினோரு படி. தினமும் நாலு பேர் மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போறாங்க. கூச்சத்துல கண்ண மூடிக்கிறா. படிப்பையே விட்டுடறேங்கிறா."

"தூக்கத்தான் நாலு பேர் இருக்காங்கல்ல, அப்புறம் என்ன குறை? இல்லாதத இருக்குன்னு காட்டுறதுக்குப் பேரு பொய். என் காலேஜ்ல பொய்க்கு இடமில்ல. மார்க்கும் கிடையாது, போ."

தன் நேர்மையை நினைத்து முதல்வருக்கே புல்லரித்தது. அந்தப் புல்லரிப்பு மதியம் வரை தாங்கியது.

மதியம் ஆய்வுக் குழுவின் கடிதம் வந்தது. அங்கீகாரத்தைப் புதுப்பிக்க, வாசலில் சாய்தளம் இருப்பதற்குப் புகைப்பட ஆதாரம் வேண்டுமாம். ஒரே வாரம்தான் கெடு.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

"வாம்மா, உட்காரு. உனக்கு முழு மார்க் போடச் சொல்லிட்டேன். முன்வாசல் போட்டோவுல மட்டும் நிழலைச் சரி பண்ணிக் கொடு. தூணோட நிழல் இடது பக்கம் விழுது, உன் சாய்தளத்தோடது வலது பக்கம். பார்க்கிறவங்க கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பார்ப்பாங்க."

"பொய்னு சொன்னீங்களே சார்."

"பொய்யா? கலைம்மா இது."

"அப்ப நிஜத்துல எப்ப சார் கட்டுவீங்க?"

"அங்கீகாரம் வரட்டும், பார்க்கலாம்."

மார்க் அவர் கையில் இருந்தது. மனசே இல்லாமல் நிழலை இடது பக்கமாக மாற்றிக் கொடுத்தாள்.

பத்தே நாளில் பதில் வந்தது. புகைப்படம் திருப்தியாம். சான்றிதழைக் குழுத் தலைவரே நேரில் வந்து தருகிறாராம்.

முதல்வர் அசரவில்லை. வருகிறவர் படியேறி நேரே ஹாலுக்குப் போய்விடுவார், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கப்போகிறார்கள்? சாய்தளம் இருக்க வேண்டிய இடத்தில் இருபது பூந்தொட்டிகளை அடுக்கச் சொன்னார். பூங்கொத்தும் கையுமாக வாசலில் நின்றார்.

கார் வந்தது. ஓட்டுநர் இறங்கி, பின்கதவுக்குப் போகாமல் முதலில் டிக்கியைத் திறந்தார். மடித்து வைத்திருந்த ஒன்றை எடுத்து விரித்தார். பிறகு உள்ளேயிருந்த அம்மாளைக் கைத்தாங்கலாக அதில் உட்கார வைத்தார்.

"நான் எங்கேயும் நேர்ல போறதில்ல சார்," என்றார் தலைவர். "போனா வாசலோட திரும்ப வேண்டியிருக்கும். உங்க போட்டோவப் பார்த்ததும் மனசு நிறைஞ்சு போச்சு. அதான் நானே கிளம்பிட்டேன்."

பதினோரு படிகளையும் பூந்தொட்டிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே சிரித்த முகமாகக் கேட்டார்.

"சாய்தளம் எந்தப் பக்கம் சார்?"