மாடு நக்கும் வரப்பு

ஒவ்வொரு துளியையும் உழவனிடமே திருப்பித் தருவதுதான் தொழில்துறையின் தவம் என்று வல்லம் வடகால் தொழிற்பேட்டைக் கம்பெனி மேனேஜர் ஹேமந்த் சொல்லி முடிப்பதற்குள், அவருடைய பளபளக்கும் ஷூ சேற்றில் இறங்கிவிடுகிறது. கம்பெனி சுத்திகரித்து அனுப்பும் கழிவுநீர், காலை வெயிலில் கண்ணாடியாக மின்னிக்கொண்டு, மீனம்மாளின் வயல் மடை வரை வந்து நிற்கிறது. அவள் சரி என்றால் நாற்றங்காலுக்குள் பாயும். ஒரு மாதமாக அதே தண்ணீர் பாய்ந்த பக்கத்து வயலின் வரப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அதை மீனம்மாளின் பசு கண்ணை மூடிக்கொண்டு நக்குகிறது. "பாருங்கம்மா, மாட்டுக்கே புடிச்சிருக்கு!" "உப்பு கீது, நக்குது சார். நெல்லு நக்குமா?" "லைட்டாத்தாம்மா உப்பு. பயிரு பழகிக்கும்." "உங்க கம்பெனி வாசல்ல புல்லு வளக்குறீங்களே, அது பழகிக்கிச்சா?" ஹேமந்த் போனை எடுத்துப் பார்க்கிறார். போன் அடிக்கவில்லை. மீனம்மாள் மண்வெட்டியால் இன்னும் இரண்டு வெட்டு மண் அள்ளி மடையில் போட்டு, நிதானமாக மிதிக்கிறாள். நாற்றுகள் காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து நிமிர்கின்றன. கம்பெனிப் புல்தரைக்கு, பிள்ளைப்பாக்கத்துக் கிணற்றிலிருந்து தினமும் ஒரு லாரி நல்ல தண்ணீர் போகிறது.