கூரை தொடாத சுவர்

அவர்கள் பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அடுத்தது அவள் வீடு.

அடுப்பின் முன் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். மில் டாக்டரின் குரல். மேனேஜரின் செருப்புச் சத்தம். அந்த வீட்டுக்கார மேஸ்திரி நாச்சிமுத்து அவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போடுவது.

எல்லாம் கேட்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாமல் பாதியிலேயே நின்றுவிடும். தொழிலாளிக்குக் காற்று வேண்டும் என்று இந்த மில் காலனியைக் கட்டிய எஞ்சினியர் யோசித்துச் செய்த ஏற்பாடு. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் மில்காரர்கள் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். மகராசன், காற்றை மட்டும் நினைத்தார். அதே வழியாக இருமலும் போகும் என்று நினைக்கவில்லை.

அவள் புருஷன் மாரப்பன் மூலையில், வாய்க்குள் துண்டைத் திணித்துக்கொண்டு குனிந்திருந்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தூசு பறக்கப் பஞ்சு உடைக்கும் அறையில் வேலை.

இருமல்காரனுக்கு மில்லில் வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்குக் காலனியில் வீடு இல்லை.

"இந்த லைன்ல யாருக்காச்சும் இருமல் இருக்குதா மேஸ்திரி?"

ராத்திரியெல்லாம் இவன் இருமுவது மேஸ்திரிக்குக் கேட்காமல் இருக்க வழியே இல்லை.

"அப்படி யாருமில்லீங்க."

அவள் நம்ப முடியாமல் சுவரைப் பார்த்தாள்.

அப்போதுதான் துண்டையும் மீறி வந்துவிட்டது.

ஒரே ஓர் இருமல்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

அவள் யோசிக்கவில்லை. வரமிளகாயை இரண்டு கையாலும் அள்ளிக் காய்ந்த சட்டியில் போட்டாள். நெடி கிளம்பி மேலே போனது. சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது.

டாக்டர் இருமினார். மேனேஜர் இருமினார். நாற்காலி ஒன்று விழுந்தது. செருப்புச் சத்தம் வாசலுக்கு ஓடியது. அவள் வீட்டின் முன் நிற்காமலே போய்விட்டது.

இங்கே அவன் தரையில் சுருண்டு கிடந்தான். ஒவ்வோர் இருமலுக்கும் உடம்பு தூக்கிப் போட்டது.

வீட்டைக் காப்பாற்றப் போய் ஆளைக் கொன்றுவிட்டேனோ? சட்டியைப் புழக்கடையில் வைத்துவிட்டு ஓடி வந்து முதுகைத் தடவினாள்.

நெடி மெல்லக் குறைந்தது. கண்ணில் நீர் வழிய அவனும் அடங்கினான்.

இருமல் மட்டும் நிற்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம். அடிவயிற்றிலிருந்து வரும் வறட்டு இருமல். அதைத் துணி வைத்து அமுக்குவதும் கேட்டது.

மேஸ்திரி.

இத்தனை நாள் இது அவள் காதில் விழுந்ததே இல்லை. தன் வீட்டு இருமலைத் தவிர வேறெதையும் அவள் கேட்டதில்லை.

பிறகு மேஸ்திரி பெண்சாதியின் குரல் சுவரின் மேலாக வந்தது. இதுவரை அவளை ஏறெடுத்தும் பார்க்காதவள்.

"அக்கா... டாக்டர் அடுத்த வாரமும் வர்றாராமுங்க. மிளகாய் நான் குடுத்துடறனுங்க."