முப்பத்தேழாம் கன்று

முப்பத்தேழு என்று எழுதிய சீட்டு வேம்புலியின் உள்ளங்கை வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது.

மற்ற கன்றுகளின் நம்பர் எழுதிய சீட்டுகள் எவர்சில்வர் தூக்கில் கிடந்தன. திருநின்றவூர் ஏரிக்கரையில் டாக்டரம்மா சாமுண்டீஸ்வரி அதைக் குலுக்கக் குலுக்க, மாட்டாஸ்பத்திரி உதவியாளன் வேம்புலி கையை இன்னும் இறுக மூடிக்கொண்டான். சீட்டை எண்ணிப் பார்த்துவிட்டால்?

ஒரு காலத்தில் மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோய் இப்போது இல்லை என்று காட்டியாக வேண்டும். அதற்கு ஊரின் எண்பது கன்றுகளையும் குத்த வேண்டாமாம். சீட்டில் விழும் பதினைந்தின் இரத்தம் சுத்தமாக இருந்தால் போதும், மிச்சத்துக்கும் அதுவே சாட்சி. ஒன்றில் தடயம் தெரிந்தாலும் தாலுகா முழுக்கச் சந்தேகத்தில் விழும்.

நோய் கண்டு பிழைத்தாலும் தடுப்பூசி போட்டாலும் இரத்தத்தில் தெரியும் தடயம் ஒன்றேதான். அதனால் ஊசியை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. மீறினால் வேலை போய்விடும். மிச்ச மருந்தையெல்லாம் புதைத்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டவனே வேம்புலிதான்.

பதினைந்தாவது சீட்டும் எடுத்தாகிவிட்டது. டாக்டரம்மா எண்ணாமலே தூக்கை மூடினார்.

வேம்புலி இருமுவதுபோல் திரும்பி, கையிலிருந்ததை வாயில் போட்டு விழுங்கினான். நெஞ்சுக்குழி வரை கசந்தது. ஆனாலும் பயம் இறங்கவில்லை. கடைசி இரத்தம் எடுக்கும்வரை இறங்காது என்று அவனுக்கே தெரிந்தது.

பதினான்கு கன்றுகள் முடிந்தன. பதினைந்தாவது மணவாளனுடையது. இருப்பதே இது ஒன்றுதான், குத்தினால் செத்துப்போகும் என்று அவன் கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட மறுத்தான்.

அப்போதுதான் அவன் பக்கத்து வீட்டு நாகவல்லி தன் கிடேரியை இழுத்துக்கொண்டு வந்தாள். வெக்கை நோயில் ஒரே வாரத்தில் இரண்டு பசுவைப் பறிகொடுத்தவள். வேண்டாம் என்று வேம்புலி கண்ணால் கெஞ்சினான். அவள் அவனைப் பார்த்து நன்றியோடு சிரித்தாள்.

"அத்த உட்ரும்மா, பாவம். எங்க ஊட்டு கெடேரிய குத்திக்கோ, இதுக்கு ஒண்ணும் ஆவாது. போன வருசமே நம்ம வேம்புலி அண்ணாத்தே யாருக்கும் தெரியாம ஊசி போட்டு உட்டுகீறாரு."

டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றது.

"இது எத்தனாம் நம்பர்?" என்றார்.

பிறகு பதிலுக்குக் காத்திராமல் தூக்கைத் திறந்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார்.