யானைப் பறவைக்கு மஞ்சள்

சாலைக் கடைத்தெரு அச்சகத்தில் வைதேகி தலையில் கைவைத்து நிற்கிறாள். மேசைமேல், அவள் அச்சடிக்கக் கொடுத்த மடகாஸ்கர் பறவைகளின் சுவரொட்டிகள் மை மணக்க அடுக்கியிருக்கின்றன. பறவையின் பக்கத்தில் பச்சைப் பொட்டு என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் ஆபத்து. சிவப்பு என்றால் அழிவின் விளிம்பு. பொட்டே இல்லையென்றால் அந்த இனமே இப்போது இல்லை. அச்சக உரிமையாளர் தாணப்பன் கிண்ணத்தில் குழைத்த மஞ்சளை விரலால் தொட்டுத் தொட்டு, கடைசித் தாளின் நான்கு மூலையிலும் வைத்து முடிக்கிறார். “அண்ணாச்சி, இது என்ன கல்யாணப் பத்திரிகையா? நாளைக்குக் காலம்பற கண்காட்சி!” என்று கத்துகிறாள். “மஞ்சள் வைக்காம ஒரு தாளும் நம்ம கடைய விட்டுப் போவாது, கேட்டியளா” என்கிறார் அவர், விரலைத் துடைத்தபடி. அவள் கீழ் மூலையைப் பார்க்கிறாள். எந்தக் காலத்திலோ அழிந்துபோன யானைப் பறவை, பக்கத்தில் ஈர மஞ்சளோடு, எல்லாத் தாளிலும் உயிர்பிழைத்து நிற்கிறது.