அழுதால் துண்டித்துவிடும்

அலுவலக நெட்வொர்க்கில் பேசும் இருவர் குரலும் பதிவிலுள்ள குரலோடு ஒத்துப்போக வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் போலி என்று கணினி அழைப்பைத் துண்டித்துவிடும். அழுது ஏமாற்றும் போலிக் குரல்கள் பெருகியதால் அந்த விதியை இறுக்கியதே பாதுகாப்புப் பிரிவு ஜெசிந்தாதான்.

துண்டித்த அழைப்புகளைச் சரிபார்த்துச் சரிபார்த்து அன்றும் அவளுக்குக் கண் எரிந்தது. அவற்றில் வரிசையாகத் தம்பி டார்வினின் அழைப்புகள். என்னவோ ஏதோ என்று அவள் பதறுவதற்குள் அவனே மறுபடி கூப்பிட்டான். இம்முறை துண்டிக்கவில்லை.

"அக்கா, சாப்ட்டியா?" குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "அம்மா போயிட்டாங்க. அழுதா கட்டாயிருதுக்கா. அதான் அழுது முடிச்சிட்டுப் பேசுறேன்."

ஜெசிந்தா நாற்காலிக் கையை இறுகப் பிடித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சாப்ட்டேன்டா. அடக்கம் எப்போ?" என்றாள், தினமும் பேசும் குரலில்.