அடைத்த துணி

“சத்தம் சரியா இருந்தா துணிய ஆட்டுங்ணா. அப்புறந்தான் ஆக்சிலேட்டர முழுசா அழுத்துவேன்.” எப்போதும் சொல்வதைச் சொல்லி, போனை மெக்கானிக் எபனேசரிடம் கொடுத்துவிட்டு, யாழினி ரேஸ் காரை ஓடுதளத்துக்குள் விட்டாள். நெற்றியைத் துடைக்க அவன் பாக்கெட்டில் கைவிட்டான். ஒரு துணித்துண்டுதான் வந்தது. புது ஆயில் கூலரை மாட்டும்போது தூசி விழாமலிருக்க, பழைய பனியனை இரண்டாகக் கிழித்துக் குழாய்களின் வாயில் அடைத்திருந்தான். மேசை மேல் தேடினான், அடியில் தேடினான். இன்னொரு துண்டு குழாய்க்குள்ளேயே இருக்கிறது. ஆயில் சூடாகும் வரை கூலருக்குப் போகும் வழி திறக்காது; அதுவரை இன்ஜின் சமத்தாக ஓடும். திறந்த பிறகு ஆயில் அடைபட்டு, போகிற வேகத்திலேயே இன்ஜின் இறுகிப்போகும். எபனேசர் வேலிக்கு ஓடினான். கார் வளைவில் திரும்பி அவனை நோக்கி வந்தது. “நிறுத்து அம்மிணி! நிறுத்து!” கைகள் இரண்டையும் தலைக்குமேல் வீசிக் கத்தினான். யாழினி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அப்போதுதான் தன் கையில் துணி படபடப்பதை அவன் பார்த்தான்.