ஒரே ஒரு வெட்டு

அரசாங்கத்தின் ரப்பர் பாட்காஸ்டுக்குப் பால்வெட்டைப் பற்றிப் பேசி முடித்த பிறகும் காளிதாசன் நாற்காலியை விட்டு எழவில்லை. பேச்சை வெட்டுவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஒருத்தியை வைத்திருக்கிறார்களே, அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல்.

“ரப்பருக்குக் குடுக்கிற உரம் இந்த வருசம் வரலன்னு இலாகாவத் திட்டினேனே, அத வெட்டிடுவ, அதானே?”

“அது அப்படியே இருக்கும் தாத்தா,” என்றாள் ஆடியோ எடிட்டர் வாசுகி. “வேற ஒரே ஒரு இடம் மட்டும் லா. உங்க நல்லதுக்குத்தான். போட்டுக் காட்டவா?”

“நான் பேசினது எனக்குத் தெரியாதா? நானும் பால்மரம் வெட்டினவன்தான். கத்திய ஆழமா விட்டா மரம் பட்டுப்போகும். ஒரு வார்த்தை குறைஞ்சாலும் நம்ம தொகுதி ஒய்.பி.கிட்ட போவேன்!”

“உங்க இஷ்டம்,” என்று வாசுகி கையை விரித்தாள்.

பாட்காஸ்ட் வெளிவந்த அன்று, திகாம் பத்து ஊரில் யஹ்யாவின் காப்பிக் கடையில் எல்லாரும் கூடிக் கேட்டார்கள். “உரம் எங்கய்யா?” என்று அவர் குரல் அதட்டியதும் கைதட்டல் பறந்தது. காளிதாசன் மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்து, காப்பி உறிஞ்சும் சத்தம். பின்னாலேயே அதே குரல், ரகசியமாக:

“யார்கிட்டயும் சொல்லிடாத பிள்ளே. ரப்பர் மரத்த எப்பவோ சாய்ச்சாச்சு. அவங்க குடுக்கிற உரத்துல என் டுரியான் மரமெல்லாம் என்னமா காய்க்குது தெரியுமா!”